அறுபத்து மூன்று தடவை கேட்ட கேள்வி

"டீச்சர், இது நல்லதா, கெட்டதா?"

தங்கப்பழம் பெட்டியை மேசைமேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு அதற்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளைப் பெட்டி அது. செங்கல்லை விடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் ஃபேன். இன்னொரு பக்கம் கொத்துக் கொத்தாக வயர்கள்.

ரெக்ஸ்லின் டீச்சர் பிரஷால் ஒரு மதர்போர்டின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சோதிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எத்தனை தடவ?"

"அறுபத்து மூணு."

பிரஷ் நின்றது.

*

குருவுக்கு வயது முப்பத்தேழு. சீடருக்கு ஐம்பத்தொன்பது.

தூத்துக்குடியில் ரெக்ஸ்லினின் மாடி வீட்டு முன்னறைதான் பட்டறை. எட்டடி மேசை ஒன்று, ஸ்டூல் இரண்டு. படுத்த படுக்கையாகத் தூக்கிவந்த கம்ப்யூட்டர்கள் அங்கிருந்து எழுந்து நடந்து போகும் என்று தெருவில் பேச்சு.

தங்கப்பழம் எட்டாம் வகுப்போடு நின்றவர். உப்புக் கம்பெனி எடைமேடையில் முப்பத்தோரு வருஷம் சீட்டு எழுதினார். ஓய்வு பெற்றதும், வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று இங்கே வந்தார். நான்கு நாள் படிக்குக் கீழே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். ஐந்தாம் நாள் பதினாலு படியும் ஏறினார்.

"அஞ்சாவது நாள்தான் கால் எழும்பிச்சா அண்ணாச்சி?" என்றார் டீச்சர். நான்கு நாளையும் அவர் மாடியிலிருந்து எண்ணியிருந்தார்.

அப்படித்தான் சேர்த்துக்கொண்டார். அது நடந்து எட்டு மாதம்.

*

"யாரு பெட்டி?"

"எங்க வீட்டுப் பெட்டிதான் டீச்சர். சுதாவோடது."

பொன்சுதா அவருடைய மருமகள். மகன் கப்பலில் இருந்தான். வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் கேட்டு, கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது சுதாவின் வேலை. இரண்டு வருஷம் பரீட்சை எழுதி எழுதிக் கிடைத்த வேலை. சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

புதன்கிழமை காலை கம்ப்யூட்டர் எழும்பவில்லை. சுதா வேலை கொடுத்தவர்களுக்கு போன் போட்டாள். திங்கள்கிழமை ஒன்பது மணி வரை பொறுப்போம் என்றார்கள். ஒன்பதே காலுக்குப் பெயரை எடுத்துவிடுவோம் என்றும் சொன்னார்கள்.

"கடையில குடுத்துருவோமாம்மா?" என்று தங்கப்பழம் கேட்டார்.

"நீங்க இருக்கும்போது கடை என்னத்துக்கு மாமா?" என்றாள் சுதா.

அந்த ஒரு சொல்தான். புதன்கிழமையிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னைக்கு சனி," என்றார் இப்போது. "நாளைக்கு ஞாயித்துக்கிழமை நீங்க கோயிலுக்குப் போயிருவீங்க. பட்டறை கிடையாது. இன்னைக்கு விட்டா இல்ல டீச்சர்."

*

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். கோடு போட்டு, எண் போட்டு, நேரம் போட்டு எழுதியிருந்தார்.

புதன்கிழமை பன்னிரண்டு தடவை. பன்னிரண்டும் ஓடியது.

வியாழக்கிழமை இருபத்தொன்று. இரண்டு தடவை ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை முப்பது. பதினொரு தடவை ஓடவில்லை.

"நோவு கூடிக்கிட்டே போகுது டீச்சர்," என்றார். "மொத நாளு ஒண்ணும் தெரியல. ஒளிஞ்சிட்டு இருந்திருக்கு. நான் விடாம பாத்தேன். அதான் வெளியே வந்துட்டு."

டீச்சர் நோட்டை வாங்கினார். விரலை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்தார். விரல் இருபத்தேழில் நின்றது. முதன்முதலாக ஓடாமல் போன தடவை அது.

விரலை மறுபடி மேலே ஏற்றினார். பத்தொன்பதுக்கும் இருபதுக்கும் நடுவில் சின்ன எழுத்தில் ஏதோ இருந்தது.

"இது என்ன?"

"குத்திப் பாக்க நீங்க குடுத்த மெல்லிசுக் கம்பி வளைஞ்சு போச்சு டீச்சர். இருபதுல இருந்து சுதாவோட கொண்டை ஊசி."

"கொண்டை ஊசி."

"ஆமா. நல்ல பலமான ஊசி."

டீச்சர் நோட்டை மூடினார்.

"எனக்கு ஒரு தடவ சோதிச்சுக் காட்டுங்க."

*

தங்கப்பழம் தயார் செய்தார்.

பெட்டியிலிருந்து வரும் வயர்களில் பெரியதன் நுனியில் இருபத்து நான்கு துளை உள்ள ஒரு பிளக் உண்டு. மதர்போர்டில் மாட்டுவது அது. அதில் பச்சை வயர் வரும் துளையையும் பக்கத்துக் கருப்பு வயர் துளையையும் ஒரு கம்பியால் இணைத்தால், கம்ப்யூட்டர் இல்லாமலே பெட்டி முழித்துக்கொள்ளும். ஃபேன் சுற்றும். சும்மா ஓடவிட்டால் போதாது, சுமையும் வேண்டும் என்று பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றை மாட்டுவார்கள். பிறகு மீட்டரை வைத்து மஞ்சள் வயரில் பன்னிரண்டு வோல்ட் இருக்கிறதா, சிவப்பில் ஐந்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அவர் ஹார்டு டிஸ்க்கை மாட்டினார். மீட்டரை நேராக வைத்தார். அது கோணலாகத் தெரியவே மறுபடியும் நேராக வைத்தார். கொண்டை ஊசியை எடுத்துப் பச்சைத் துளைக்கு நேராகக் கொண்டுபோனார்.

"நில்லுங்க அண்ணாச்சி. சொல்லிட்டுக் குத்துங்க."

அவர் முகம் சுருங்கியது.

டீச்சர் முதல் நாள் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான். எதையும் சோதிப்பதற்கு முன்னால், ஓடினால் என்ன செய்வேன், ஓடாவிட்டால் என்ன செய்வேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அந்த மேசையில் யாரும் எதையும் தொடக் கூடாது.

"மறந்துட்டேன் டீச்சர்."

"எத்தனை தடவ மறந்தீங்க?"

"அறுபத்து மூணு."

"சரி, இப்போ சொல்லுங்க. ஓடிச்சுன்னா என்ன செய்வீங்க?"

"இன்னொரு தடவ பாப்பேன்."

"ஓடலேன்னா?"

தங்கப்பழம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத ஆள்.

"இன்னொரு தடவ பாப்பேன்."

"அப்போ அதுகிட்ட நீங்க என்னதான் கேக்குதீங்க?"



*

அவர் ஊசியைக் குத்தி சுவிட்சைப் போட்டார். ஓடவில்லை. ஊசியை லேசாக அசைத்தார். ஓடியது. மறுபடியும் நின்றது.

"அறுபத்து நாலு," என்றார். குரல் கீழே போயிருந்தது. "பாருங்க டீச்சர். சாகக் கிடக்கு."

"வந்து வந்து போற கோளாறு."

"ஆமா டீச்சர். அப்படி ஒண்ணு இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க."

"சொன்னேன். அதுக்கு என்ன செய்யச் சொன்னேன்?"

"ஒரு தடவ ஓட விட்டுட்டு, ஒரு மணி நேரம் கிட்டயே போகக் கூடாதுன்னு சொன்னீங்க."

"போகாம இருந்தீங்களா?"

"பதினோரு நிமிஷம் இருந்தேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் தங்கப்பழத்துக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"வேற பெட்டி ஒண்ணு குடுங்க டீச்சர். இது போகட்டும். அலமாரியில நாலு நல்ல பெட்டி இருக்கு, எனக்குத் தெரியும். திங்கக்கிழம புள்ள வேலைக்கு உக்காரணும்."

"குடுக்கலாம்," என்றார் டீச்சர். "திங்கக்கிழம ஓடும். செவ்வாக்கிழம அதையும் குத்துவீங்க."

*

டீச்சர் பெட்டியின் கரண்ட் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். கண்ணாடி மாட்டிய விளக்கைத் தாழ இழுத்தார். அதன் அடியில் எது வைத்தாலும் நாலு மடங்கு பெரிதாகத் தெரியும். இருபத்து நான்கு துளை பிளக்கை அதன் கீழே வைத்தார்.

"துளைய எண்ணுங்க."

"இருபத்து நாலு டீச்சர். எண்ண வேண்டியதே இல்ல."

"எண்ண வேண்டாம்னு நீங்களா சொல்லுதீங்க? உள்ளே பாத்து எண்ணுங்க."

தங்கப்பழம் குனிந்தார்.

ஒவ்வொரு துளைக்குள்ளும் இரண்டு மெல்லிய தகடு, உதடு மாதிரி, சேர்ந்து மூடியிருந்தது. முதல் துளை. இரண்டாவது. மூன்றாவது. அவருக்கு எண்ணுவது பிடிக்கும். எண்ணும்போது மட்டும்தான் நெஞ்சு படபடப்பது கொஞ்சம் அடங்கும்.

பச்சைத் துளைக்கு வந்தார்.

அதன் உதடு மூடியிருக்கவில்லை. பிளந்து, ஒரு பக்கமாகக் கோணி, துளைச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. பக்கத்துக் கருப்பும் அப்படியே.

அவர் மற்ற துளைகளைத் திரும்பப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. இந்த இரண்டைத் தவிர.

"டீச்சர், இது பொறவியிலயே இப்படியா?"

"உங்க நோட்டு என்ன சொல்லுது?"

அவருக்கு நோட்டைத் திறக்கத் தேவையிருக்கவில்லை. இருபதிலிருந்து கொண்டை ஊசி. இருபத்தேழில் முதல் தோல்வி.

"அண்ணாச்சி," என்றார் டீச்சர். "எடைமேடைக்கு வருஷம் ஒரு தடவ ஆபீஸ்ல இருந்து ஆள் வருவாகளே. எதுக்கு?"

"முத்திரை போட. தேஞ்சிருக்கா, சரியாக் காட்டுதான்னு பாக்க."

"மேடை எதனால தேயுது?"

"உப்ப நிறுத்து நிறுத்துத்தான்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மின்விளக்கின் வெளிச்சம் முகத்தில் பட்டது. அதை விலக்கக்கூடத் தோன்றவில்லை.

"நல்ல பெட்டி டீச்சர்," என்றார். "புதன்கிழம அது நல்ல பெட்டி."

"ஆமா."

"மொத தடவையே அது நல்லதுன்னு சொல்லிட்டு."

"ஆமா."

"நான்தான் கெடுத்துருக்கேன்."

இதற்கு டீச்சர் ஆமா என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டிராயரிலிருந்து ஒரு தையல் ஊசியை எடுத்து நீட்டினார்.

*

"நீங்களே செய்யுங்க," என்றார்.

"என் கை ஆடுது டீச்சர்."

"ஆடட்டும். கருப்பு வயரு எட்டு இருக்கு, ஒண்ணு போனாலும் மத்தது தாங்கும். பச்சை ஒண்ணே ஒண்ணுதான். அதுல இருந்து ஆரம்பிங்க."

அவர் ஊசியைத் துளையின் ஓரமாக இறக்கினார். பிளந்த தகட்டை உள்பக்கமாகத் தள்ளினார். வழுக்கியது. மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி தள்ளினார். நகம் அளவுகூட இல்லாத ஒரு அசைவு. உதடு மூடியது.

நெற்றி வியர்வை மேசையில் சொட்டியது. பிறகு கருப்பையும் மூடினார்.

"அப்போ டீச்சர்," என்றார் துடைத்துக்கொண்டே, "பெட்டி நல்லதுன்னா, புதன்கிழம கம்ப்யூட்டர் ஏன் எழும்பல?"

"இது நல்ல கேள்வி. இத ஏன் புதன்கிழமையே கேக்கல?"

அவர் தலை குனிந்தார்.

"காலையில கம்ப்யூட்டர்ல ஓடல," என்றார் டீச்சர். "பெட்டியக் கழத்தி வீட்டு மேசையில வச்சீங்க, பன்னெண்டு தடவ ஓடிச்சு. ரெண்டுக்கும் நடுவுல என்ன மாறிச்சு?"

"ஒண்ணும் மாறல. அதே பெட்டி, அதே சுவரு, அதே பிளக் பாயிண்ட்."

"சுவத்துல மாட்டுற வயரு?"

"மேசையில பழகுறதுக்கு நீங்க ஒரு வயர் குடுத்தீங்கள்லா, அத மாட்டிக்கிட்டேன். வீட்டு வயரு கம்ப்யூட்டர் மேசைக் காலுக்கு அடியில..."

அவர் நிறுத்தினார். மேசைக் கால் அந்த வயரின் மேலேயே ஏறி நின்றது. சுதா தீபாவளிக்கு மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தியதிலிருந்து அப்படித்தான்.

"அந்த வயர எத்தனை தடவ சோதிச்சீங்க?"

அவர் விரலை மடக்கவில்லை. நோட்டைத் தொடவில்லை.

"ஒரு தடவகூட இல்ல."

*

டீச்சர் ஒரு மெல்லிசுக் கம்பியை வெட்டி, வளைத்து, அவர் முன்னால் வைத்தார். கொண்டை ஊசியை ஒரு தாளில் மடித்துக் கொடுத்தார்.

"இது யாரு தலையில இருந்து வந்துச்சோ அங்கயே போகட்டும். இப்போ ஒரு தடவ சோதிச்சுப் பாருங்க. சொல்லிட்டு."

தங்கப்பழம் கம்பியைக் கையில் எடுத்தார்.

"ஓடிச்சுன்னா, கழத்தி எடுத்துட்டு வீட்டுக்குப் போவேன். நீங்க குடுத்த வயரையே கம்ப்யூட்டருக்கும் போடுவேன்."

"ஓடலேன்னா?"

அவர் வாய் திறந்தது. மூடியது. தெருவில் ஒரு மீன்காரி கூவிக்கொண்டு போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை டீச்சர் காத்திருந்தார்.

"ஓடலேன்னா..." என்றார். "உங்ககிட்ட விட்டுட்டு, சுதாகிட்ட போய், நல்லா இருந்தத நான்தாம்மா கெடுத்தேன்னு சொல்லுவேன்."

"குத்துங்க."

அவர் கம்பியைச் செருகினார். வயரை மாட்டி சுவிட்சைப் போட்டார்.

ஃபேன் சுற்றியது. ஹார்டு டிஸ்க் முனகியது. மீட்டரில் மஞ்சள் பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் ஏழு. சிவப்பு ஐந்து புள்ளி பூஜ்யம் இரண்டு.

சுவிட்சை அணைத்தார்.

டீச்சர் எழுந்தார். "உலை கொதிக்கும், பாத்துட்டு வாரேன்," என்று உள்ளே போனார்.

*

அறையில் தங்கப்பழமும் பெட்டியும்.

கம்பி துளையிலேயே இருந்தது. வயர் சுவரிலேயே இருந்தது. சுவிட்ச் அவர் கட்டை விரலுக்கு மூன்று அங்குலத்தில் இருந்தது.

இந்த ஒரு தடவை தற்செயலாக ஓடியிருக்கலாம். தகடு ஒழுங்காக மூடாமல் இருக்கலாம். பஸ்ஸில் ஆடி ஆடிப் போகும்போது மறுபடி திறந்துகொள்ளலாம். திங்கள்கிழமை ஒன்பது மணிக்குச் சுதா உட்காருவாள். அவள் பின்னால் அவர் நிற்பார்.

கட்டை விரல் சுவிட்சுக்குப் போனது. சுவிட்சின் மேல் ஓய்ந்திருந்தது.

அங்கேயே கிடந்தது.

உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. கஞ்சி வடிக்கிற வாசம் வந்தது. அவர் எண்ணத் தொடங்கினார். எதை எண்ணுகிறோம் என்று தெரியாமலே எண்ணினார். நானூற்றுப் பன்னிரண்டில் டீச்சர் திரும்பி வந்தார்.

பெட்டி துண்டில் பொதிந்து, முடிச்சுப் போட்டு, மேசை ஓரத்தில் இருந்தது. கம்பி தனியே கிடந்தது.

"எத்தனை?"

"ஒண்ணுதான்."

"நம்பிக்கை வந்துட்டா அண்ணாச்சி?"

"வரல டீச்சர்."

"வரலேன்னா என்ன? பஸ் வந்துரும். கெளம்புங்க."

*

வீட்டில் சுதா கம்ப்யூட்டர் மேசையைத் துடைத்து வைத்திருந்தாள்.

தங்கப்பழம் மேசையைத் தூக்கி, நசுங்கிப் போன பழைய வயரை உருவி எடுத்தார். நடுவில் ஓரிடம் தாள் மாதிரித் தட்டையாக இருந்தது. பேசாமல் சுருட்டிப் போட்டார்.

பெட்டியை உள்ளே வைத்து நாலு திருகாணியையும் முடுக்கினார். இருபத்து நான்கு துளை பிளக்கை மதர்போர்டில் அமுக்கினார். கொக்கி விழுந்த சத்தம் கேட்டது. டீச்சர் கொடுத்த வயரைச் செருகினார்.

சுதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பட்டனுக்கு விரலைக் கொண்டுபோனாள்.

"நல்லாப் பாத்தியளா மாமா?"

"பாத்தேம்மா."

"இன்னைக்கு எத்தன தடவ?"

"டீச்சர் முன்னால ஒண்ணு. ஓடல. சரி பண்ணினதுக்கு அப்புறம் ஒரு தடவ. ஓடிச்சு."

சுதாவின் விரல் பட்டனிலிருந்து பின்வாங்கியது. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, இந்த வீட்டின் கதவுத் தாழ்ப்பாளை ஆறு தடவை இழுத்துப் பார்க்காமல் படுக்கப் போகாத மனுஷர் அவர்.

"ஒரே தடவையா?"

"ஆமா."

"மேசையில வச்சு இன்னொரு தடவ பாத்துருவோமா மாமா? இன்னும் நேரம் இருக்கு. நாளைக்கு ஒரு நாள் முழுசா இருக்கு."

அவருக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை அப்போது. அந்த வார்த்தையை அவளே சொல்லிவிட்டாள். திருகாணி நாலுதான். கழற்ற நாலு நிமிஷம்.

அவர் திருப்புளியை மேசைமேல் வைத்தார்.

"புதன்கிழம இந்தப் பெட்டி நல்லாத்தாம்மா இருந்துச்சு. கெட்டுப் போனது வயரு. பெட்டியக் குத்திக் குத்திக் கெடுத்தது நான்."

சுதா குனிந்து, அவர் சுருட்டிப் போட்ட பழைய வயரை எடுத்துப் பார்த்தாள்.

"இப்போ சரி பண்ணிருக்கு. எழும்பிச்சுன்னா நீ வேலையப் பாரு. எழும்பலேன்னா வேலை குடுத்தவுகளுக்கு போன் போட்டு, எங்க மாமா கெடுத்துட்டாருன்னு என் பேரச் சொல்லு. நான் கடைக்குத் தூக்கிட்டுப் போறேன்."

"மாமா..."

"அழுத்தும்மா."

அவர் திரும்பி நடந்தார். அறையிலிருந்து அடுக்களைக்குப் பதினேழு எட்டு. அன்றைக்கு அவர் அதை எண்ணவில்லை.

குடத்தில் தண்ணீர் மோந்தார்.

பின்னால் ஃபேன் சுற்றத் தொடங்கிய சத்தம் கேட்டது.

"மாமா, இங்க வந்து பாருங்க," என்று சுதா கூப்பிட்டாள்.

"நீ வேலையப் பாரும்மா," என்றார். "நான் தண்ணி குடிக்கேன்."